அவர் என்றால் அவர்தான்

"தூக்கத்துல 'பெல்ட்டு, பெல்ட்டு'ன்னு கத்துவாரு மேடம். எழுந்து உள்ளங்கால தேச்சு வுட்டா, பச்சப்புள்ள மாதிரி அடங்கிடுவாரு."

சொன்ன செல்லம்மா அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஞானஜோதியின் கண்கள்தான் கலங்கின.

செல்லம்மாவின் புருஷன் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒருநாள் மெஷின் பெல்ட்டில் கை மாட்டி, மயிரிழையில் தப்பினார். அன்றிலிருந்துதான் அந்தக் கத்தல். பிறகு வெளியூரில் நல்ல வேலை என்று கிளம்பினார். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். எத்தனையோ கிறிஸ்துமஸ் போய்விட்டது.

செத்துவிட்டான் என்று நினைத்துத் தாலியைக் கழற்று என்கிறான் அண்ணன் ஜெபசீலன். கோவிலம்பாக்கத்தில் மனைவியை இழந்த லாரி டிரைவர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பதில் கேட்க வருகிறான். கட்டிக்கொண்ட பிறகு போனவர் வந்து வாசலில் நின்றால் எந்த முகத்தோடு பார்ப்பது என்பதுதான் செல்லம்மாவின் பயம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் அவள் ஆயா. எதிர்மாடியில் 'மன ஆலோசகர்' என்ற பலகையைப் பார்த்துத் தானாகத்தான் படியேறி வந்தாள்.

முதல் நாளே ஞானஜோதி தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டாள். மனோதத்துவத்தில் எம்.ஏ. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷ அனுபவம். "நான் புத்தி சொல்ல மாட்டேன் செல்லம்மா. அது என் முறை இல்ல. உங்களைப் பத்தி வேற யார்கிட்டயும் விசாரிக்கவும் மாட்டேன். நீங்க சொல்றது மட்டும்தான் எனக்குத் தெரியும். பதில் உங்களுக்குள்ளயே இருக்கு."

"எனக்குள்ளயே இருந்தா நா இன்னாத்துக்கு மேடம் மாடியேறி வரேன்?"

புருஷன் பெயரைக் கேட்டபோது செல்லம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடுமாம். "அவுருன்னா அவுருதான்." ஞானஜோதி வற்புறுத்தவில்லை. அன்றிலிருந்து அவளும் 'அவர்' என்றே சொல்லி வந்தாள்.

செல்லம்மா என்ன சொன்னாலும் அதையே மெதுவாகத் திருப்பிச் சொல்வாள் ஞானஜோதி. தன் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கமாட்டாள். இது என்ன கேலி என்று செல்லம்மாவுக்கு முதலில் தோன்றியது. போகப்போக, தன்னை இப்படி யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை என்று புரிந்தது.

இன்றைக்கு ஞானஜோதி எதையும் திருப்பிச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா மேடம், என் கதைக்கு நீங்க அழுவுறீங்க. உங்களுக்குக் கல்யாணமாயி ஒரு வருசங்கூட ஆவல. புருஷன் கவலைல்லாம் உங்களுக்கு இன்னா தெரியும்?"

ஞானஜோதி சிரிக்க முயன்றாள். அவள் கணவர் வேலூரில் இருந்தார். மெட்ராஸ் அவருக்கு ஒத்துவராது. சனிக்கிழமைதோறும் இவள்தான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"ஞாயித்துக்கெழம அண்ணனுக்கு நா இன்னா சொல்றது? இன்னிக்கு ஒரு நாளு, ஒரே ஒரு வார்த்த, நீங்களா சொல்லுங்க மேடம்."

ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய மின்சார ரயிலின் சத்தம் தேய்ந்து அடங்கியதும் ஞானஜோதி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிறகு தன் வழக்கத்தை முதல்முறையாக மீறினாள்.

"தாலியைக் கழற்றிடுங்க செல்லம்மா. அண்ணன் சொல்ற இடத்துலயே கட்டிக்கோங்க. எலியேசருக்காக நீங்க இனிமே காத்திருக்க வேண்டாம்."

செல்லம்மாவிடமிருந்து நீண்ட மூச்சு ஒன்று வந்தது. இத்தனை படித்தவள் சொன்ன பிறகு தயங்க என்ன இருக்கிறது? ஞானஜோதியின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தாயைப் போல் இருப்பதாகச் சொன்னாள்.

வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினாள். அடுத்த செருப்புக்கு நீண்ட கால் அப்படியே நின்றது.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"அவுரு பேர நா உங்ககிட்ட சொன்னதே இல்லியே மேடம்."