இன்ஜின் அறை

கேமரா மூழ்கிய படகின் பின்புறத்தை நெருங்கியபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த படகு முதலாளியின் முகத்தைப் பார்த்தாள்.

கேமராவைச் சுமந்த நீர்மூழ்கி ட்ரோன் கிளப்பிய நீரில் வண்டல் விலகியது. பதிவு எண் தெரிந்தது.

"நம்ம படகுதான்," என்றார் முதலாளி.

அந்தக் கடலில் காற்றாலைகள் நடப்போகிறார்கள். தூண் இறங்கும் இடமெல்லாம் கடலடியை அளந்து படமெடுப்பது அவள் வேலை. போன வாரம் சோனார் படத்தில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு நிழல் விழுந்தது; முதலாளியின் காணாமல்போன படகும் அதே நீளம். மூழ்கிய படகு என்றால் சொந்தக்காரர் அடையாளம் சொல்ல வேண்டும். படத்தை அனுப்பிக் கேட்டிருந்தாலே போதும். அவள் ஆளையே ஆய்வுக் கப்பலுக்கு வரவழைத்தாள்.

கயிற்றேணியில் அவர் மூச்சிரைக்க ஏறியதை மேலே நின்று பார்த்தாள். கை கொடுக்கவில்லை. திரைக்கு மிக அருகில் இருந்த நாற்காலியை அவருக்கென்று இழுத்துப் போட்டாள்.

ஏழு வருடங்களுக்கு முன்பு, வண்ணம் பூசுவதற்காகப் பக்கத்துத் துறைமுகத்துக்குப் புறப்பட்ட படகு இது. ஓட்டிப்போனது அவள் அண்ணன். தனியாக. ஆறு மணி நேரப் பயணம். போய்ச் சேரவில்லை.

பத்தாவது நாள், மீன் ஏலம் நடக்கும் கூடத்தில், அத்தனை பேர் நடுவில் முதலாளி சொன்னார்: "திருட்டுப் பய. படகை வித்துட்டு ஓடிட்டான்."

அன்றைக்கு அப்பா சாத்திய வாசல் கதவு, அவரைத் தூக்கிக்கொண்டு போகத்தான் முழுசாகத் திறந்தது. அம்மா கடைக்குப் போனால் கடைக்காரரின் கண் அம்மாவின் பையின் மேலேயே இருந்தது. அவளுக்குப் பேசியிருந்த இடமும் கைநழுவிப் போனது. தெருவில் அவளுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. திருடன் தங்கச்சி. அவ்வளவுதான்.

இந்த வேலையை அவள் தேடிப் பிடித்ததே, அளக்கப்போவது எந்தக் கடலை என்று பார்த்துத்தான். அண்ணன் ஓடவில்லை, மூழ்கிப்போனான் என்று இந்த மனுஷனுக்குக் காட்ட வேண்டும். அதற்கு அண்ணன் உள்ளே கிடக்க வேண்டும். ஏழு வருடமாக அவள் வேண்டிக்கொண்டது கூடப்பிறந்தவனின் எலும்புகளைத்தான்.

"உள்ள போகலாமா, மேடம்?" ட்ரோனை இயக்குபவர் கேட்டார்.

"போங்க."

சுக்கான் அறை காலி. படுக்கும் இடம் காலி. வெளிச்சம் மெல்ல இன்ஜின் அறைக்குள் நுழைந்தது.

இன்ஜின் இல்லை.

அது உட்கார்ந்திருந்த இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது. அதன் நடுவே சின்ன மீன்கள் போய்வந்துகொண்டிருந்தன.

முதலாளி எழுந்துவிட்டார். புது இன்ஜின் அது. பூட்டி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு நின்ற இடத்திலேயே, உயிர்காப்புச் சட்டையோடு தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"யாரோ வழிமறிச்சிருக்காங்கம்மா. இன்ஜினைக் கழட்டிக்கிட்டு, அவனைக் கடல்ல தள்ளிட்டு, படகை மூழ்கடிச்சிருக்காங்க. ஐயோ, நான் அந்தப் பிள்ளையைப் போய்த் திருடன்னு சொன்னேனே!"

மூக்கும் கண்ணும் ஒழுக அழுதார். இந்தக் காட்சியை அவள் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

அவள் குனியவில்லை.

"அன்னிக்குச் சொன்ன அதே இடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, இப்ப சொன்னதை அப்படியே சொல்லணும். எங்கம்மா கேக்கணும்."

"சொல்றேன்மா. அவங்க கால்ல விழுந்து சொல்றேன்."

கேமரா இன்ஜின் அறையின் இடதுபக்கச் சுவரைக் கடந்தது.

"போதும். மேல எடுத்துடுங்க," என்றாள், கொஞ்சம் அவசரமாக.

அந்தச் சுவரில் ஒரு கொக்கி இருந்தது. கொக்கியில், நைலான் நூலில் கோத்த எட்டு இன்ஜின் நட்டுகள் சிப்பி பிடித்துத் தொங்கின.

மின்விசிறியோ மிதிவண்டியோ, எதைக் கழற்றினாலும் நட்டுகளை நூலில் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டுத்தான் அண்ணன் அடுத்த வேலையைப் பார்ப்பான். வீட்டில் ஒரு நட்டுகூடத் தொலைந்ததில்லை. மூழ்கடிக்கப்போகும் படகில் அவற்றால் யாருக்கும் ஒரு பயனும் கிடையாது. கைப்பழக்கம், விடவில்லை. கழுத்தில் கத்தியை வைத்திருந்தால் எவனும் அவ்வளவு நிதானமாக முடிச்சுப் போடமாட்டான்.

முதலாளி தரையில் இருந்தபடியே அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் என்னை மன்னிப்பானாம்மா?"

அவள் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"பாக்கறப்போ கேக்கறேன்."

மேலுலகத்தில் என்று நினைத்துக்கொண்டு அவர் தலையாட்டினார்.