வெள்ளைச் சட்டை

தீயணைப்பு வேலையிலிருந்து அவர் விருப்ப ஓய்வு வாங்கி ஆறு வருடமாகிறது. இன்னமும் அவர் சட்டையை ஊறவைத்தால் வாளித் தண்ணீர் கரியாகிவிடும். புதுச் சட்டையானாலும் அப்படித்தான். ஒருமுறை மனைவி, சாயம் போகிறதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். "வெள்ளைச் சட்டையில என்னம்மா சாயம்?" என்றார் கடைக்காரர். அதோடு விட்டுவிட்டாள். கணவரிடம் கேட்டதில்லை. இரண்டு அலசு கூடுதலாக அலசிக் கொடியில் போடுவாள்.

நேற்று மாலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "கடைசித் தீயில, மூணாவது மாடியில ஒரு கதவு. உள்ள இருந்து தட்டினாங்க. எனக்குக் கேட்டுது. இறங்கி வந்துட்டேன்."

"சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

இன்று காலை அவர் சட்டையை ஊறவைத்தாள். தண்ணீர் தெளிந்தே இருந்தது. வாளியின் அடியிலிருந்த கீறல்கூடத் தெரிந்தது. கை நனைந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, தான் நேற்று உடுத்தியிருந்த சேலையை முக்கினாள். கரி மெல்லப் பிரிந்து, வாளி முழுக்கப் பரவியது.

அவர் பின்னால் வந்து நின்றார். முழங்கை வரை சட்டைக்கையை மடித்துக்கொண்டார்.

"நகரு. இதுக்கு ரெண்டு அலசு கூட வேணும்."