ஒத்துப்போகாத பதில்

"இன்னும் மூணு மாசத்துக்கு அவரை வீட்டுக்கு அனுப்பாதீங்க, டொக்டர்."

டொரதி கேட்டேவிட்டாள். கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறும்போதே மாமியார் மேபல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "எப்ப விடுவீங்கன்னு மட்டும் கேளு. வச்சுக்கங்கன்னு ஒரு பொண்டாட்டி வாயில வரக் கூடாது."

மேபல் கதிரையின் நுனிக்கு வந்தாள். "பார்த்தீங்களா டொக்டர்? பன்வில தோட்டத்துலயே மொத டிகிரின்னு பெருமையாக் கட்டி வச்சோம். புருஷன் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு நிக்கிது."

"இதை டிகிரியில சொல்லித் தரல மாமி. நானாத்தான் படிச்சேன்."

டொக்டர் ராஜரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தலையில் அடிபட்டுத் தேறுகிறவர்கள் தங்கள் நிலையை எவ்வளவு உணர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. நோயாளியிடம் ஒரு கேள்வி. அதே கேள்வி வீட்டாரிடம். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் வீட்டுக்குப் போகலாம்.

"ஏன் வேண்டாமெண்டுறீங்கள், டீச்சர்?"

"நான் காலையில பள்ளிக்கூடம் போயிடுவேன். கேஸைத் திறந்துட்டு மறந்துட்டார்னா?"

"வீட்டில நீங்கள் தனியா இருக்கிறது கஷ்டமில்லையோ?"

பாலத்தருகே கணவனின் மோட்டார் சைக்கிள் புரண்ட நாளிலிருந்து தெருவே, "முத்து எப்படி இருக்கான்?" என்று கேட்கிறது. டொரதி எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டவர் இவர்தான்.

"பழகிப்போச்சு," என்றாள்.

அந்தோனிமுத்துவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். மெலிந்திருந்தான்.

"ஞாபகம் எப்பிடி, முத்து?"

"பாதிதான் நிக்குது சேர். மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னே தெரியல."

டொக்டர் டொரதியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"வலது கை?"

"பலமில்ல. பொத்தான் போட முடியல."

அதற்கும் தலையசைத்தாள்.

"நல்ல முன்னேற்றம். முந்தி, எனக்கொண்டுமில்லை, நாளைக்கே கடையைத் திறப்பன் எண்டு சண்டை பிடிச்சவர்." டொக்டர் முன்னால் சாய்ந்தார். "இனி ஒரு கேள்விதான். விபத்துக்கு முன்னம் உங்கட கோபம் எப்பிடி?"

அந்தோனிமுத்து தரையைப் பார்த்தான். "கெட்ட கோபம் சேர். இவளை அடிப்பேன். ஒருக்கா கையை முறிச்சிட்டேன்."

"மாதாவே," மேபல் சிலுவை போட்டுக்கொண்டாள். "எம்புள்ள எறும்பைக்கூட மிதிக்க மாட்டான் டொக்டர். தலையில பட்ட அடி இப்படிப் பேச வைக்குது."

"இருக்கலாம். அடிபட்ட மூளை நடக்காததையும் நடந்ததா நம்பும். அதுக்குத்தான் வீட்டாரையும் கேக்கிறது." டொக்டர் டொரதியின் பக்கம் திரும்பினார். "போன முறை நீங்கள் ரெண்டு பேருமே அவர் சாதுவான மனுசன் எண்டு சொன்னனீங்கள். இவர் இப்ப சொல்லுறது உண்மையெண்டா, தன்னை முழுசா உணர்ந்திட்டார். இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போகலாம். சொல்லுங்கோ டீச்சர்."

மேபல் மருமகளையே முறைத்தாள். அந்தோனிமுத்துவும் அவளைப் பார்த்தான், ஆமென்று சொல்லிவிடமாட்டாளா என்பதுபோல்.

"அவருக்கு ஏதோ கெட்ட கனவு, டொக்டர்," என்றாள் டொரதி. "அவர் கை என் மேல பட்டதேயில்ல."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப தேறினதெண்டு சொல்லேலாது. நீங்கள் கேட்ட மாதிரி மூண்டு மாசம் இங்கயே இருக்கட்டும்."

மேபல் முதல்முறையாக மருமகளின் தோளைத் தடவிக்கொடுத்தாள். "குடும்ப மானத்தைக் காப்பாத்திட்ட புள்ள."

டொக்டர் மேபலை மருந்து விவரம் சொல்ல நர்ஸிடம் அழைத்துப் போனார். டொரதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"டொரதி," அந்தோனிமுத்து இடது கையால் அவள் பையைப் பிடித்தான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ ஏன் பொய் சொன்ன?"

அவள் அவன் காதருகே குனிந்தாள்.

"அடுத்த மாசம் எனக்கு வேற ஊருக்கு மாற்றம் வருது. நீங்க வீட்டுக்கு வர்றப்ப நான் இருக்க மாட்டேன். பொய்யை ஏன் சொன்னேன்னு கேக்கிறீங்க? கை முறிஞ்ச அன்னைக்கு, டொக்டர் கேட்டா இதையே சொல்லுன்னு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வச்சுச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே," என்று சொல்லிவிட்டு, டொரதி வெளியே நடந்தாள்.