அரிசி டப்பாவுக்குப் பின்னால்

விடுமுறை மதியம், வெளியே தூறல். அக்கா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, தங்கை எழுதிய புது நாவலைப் படிக்கிறாள். ரத்தமே சிந்தாமல், அடுப்படி வாசனையோடு நடக்கும் சுகமான கொலைக் கதை. லீவு விட்டால் அவளுக்கு இது ஒன்று போதும். மடியில் தட்டு, தட்டில் ஆரஞ்சு கேக். பாதிப் புத்தகத்தில் விரல் நின்றுவிடுகிறது. கதையில் வரும் மருமகள் பேக்கரியில் கேக் வாங்குகிறாள். அட்டைப்பெட்டியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். மேலே சர்க்கரைப் பொடி தூவி, தானே செய்ததாக மாமியாருக்குப் பரிமாறுகிறாள். போன லீவில், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி அக்கா தங்கையிடம் மட்டும் சொன்ன தன் சொந்த ரகசியம் இது. எதுவும் மாறவில்லை, சர்க்கரைப் பொடிகூட. முதல் பக்கத்துக்குத் திருப்புகிறாள். தங்கையின் கையெழுத்து: என் அக்காவுக்கு, அன்புடன். எதிரே உட்கார்ந்து கேக்கைக் கிள்ளித் தின்றுகொண்டிருக்கிறாள் தங்கை. "கதைதானேக்கா. பேரை மாத்திட்டேன்ல." அக்காவின் குரல் இறங்குகிறது. "அத்தை படிச்சா என்னடி ஆகும்?" "காலையிலயே படிச்சு முடிச்சிட்டாங்களே. ரொம்ப நல்லா இருக்குன்னாங்க." சமையலறையில் அக்காவின் மாமியார் அரிசி டப்பாவை நகர்த்தும் சத்தம் கேட்கிறது.