கழுதை இழுத்த கயிறு

கடல் தாண்டி வந்த நாரை நடத்திய கார் கம்பெனியில் கழுதை சக்கரம் மாட்டியது, குரங்கு நட்டு முடுக்கியது. சங்கம் வைக்கப்போவதாகக் குரங்கு சொன்ன மறுநாளே அதன் அடையாள அட்டைக்குக் கேட் திறக்கவில்லை.

நாரை கழுதையிடம் ஒரு தாளை நீட்டியது. "சங்கம் வேண்டாம்னு இதுல குளம்பை வை. நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே?"

கழுதைக்குக் குழப்பமாகிவிட்டது. "குடும்பம்னா குரங்கு ஏன் சார் வெளியில நிக்குது?"

"அது நிர்வாக விஷயம்."

"நிர்வாகம் குடும்பத்துல சேர்த்தியா, இல்லையா சார்?"

"இப்படிக் கேக்கச் சொன்னது அந்தக் குரங்குதானே?"

"இல்ல சார், நிஜமாவே புரியலை."

"சாயங்காலத்துக்குள்ள புரிஞ்சுக்கோ. இல்லன்னா நாளைக்கு உன் அட்டைக்கும் கேட் திறக்காது."

கழுதை குழப்பத்தோடே வேலைக்குத் திரும்பியது. பக்கத்தில் ஆடு தன் வேலையோடு குரங்கின் வேலையையும் சேர்த்துப் பார்த்துத் திணறியது. மூன்று நட்டுகள் தளர்ந்தபடியே ஒரு கார் நகர்ந்தது.

தலைக்கு மேல் மஞ்சள் கயிறு தொங்கியது. கோளாறு கண்டால் யாரும் அதை இழுத்துக் கார்கள் நகரும் லைனை நிறுத்தலாம், சரியான பிறகுதான் விட வேண்டும் என்று முதல் நாள் பயிற்சியில் நாரையேதான் சொல்லியிருந்தது.

கழுதை இழுத்தது. மொத்த லைனும் நின்றது. நாரை ஓடி வந்தது.

"என்ன கோளாறு?"

"சரியாத் தெரியலை சார். ஆனா இங்க ஓர் ஆள் குறையுது."

"முதல்ல கயிற்றை விடு."

"இன்னும் சரியாகலையே சார்" என்றது கழுதை.

ஆடும் தன் தலைக்கு மேல் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டது.