வெள்ளை நூல்

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு இருந்தா எப்படிங்க? இதுக்குப் பேரு திருட்டு."

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தார்.

எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா, வீடியோ கேம் கம்பெனி ஒன்றின் சட்டப் பிரிவில் இருக்கிறாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். அந்தக் கம்பெனி கேமில் மலையேறுகிற பொம்மைக்குத் திரையிலேயே மாட்டிவிட இந்த மனிதர் சொந்தமாக ஒரு கோட்டு செய்து, இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார். எண்ணூறு பேர் வாங்கியிருந்தார்கள்.

"பொம்மை உங்களுது, நான் இல்லேங்கலை. கோட்டு நான் தைச்சதும்மா. துணி கொண்டு வர்றவங்களுது, தையல் என்னுது. அதுக்குத்தானே கூலி வாங்கறேன்?"

"துணி கொண்டு வந்தவங்க தைக்கச் சொல்லணும் இல்ல? நாங்க சொன்னோமா?"

நல்ல கேள்விதான். தையல்காரருக்கே அது நியாயமாகப் பட்டது.

"விக்கலாமான்னு கேட்டேன்மா. மாதிரிக் கோட்டையும் சேர்த்து மூணு மெயில் போட்டேன். ஒரு வருஷம் காத்திருந்தேன், பதிலே இல்லை." கூச்சத்தோடு சிரித்தார். "அதுக்கும் காரணம் நான்தான். முதல்ல நிஜத் துணியில தைச்சு, அதைப் படம் புடிச்சுத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துவேன். துணி நகராம இருக்க வெள்ளை நூல்ல ஒரு ஓட்டுத் தையல் போடுவோம், தைச்சதும் அதை உருவிடணும். இடது கை ஓரத்துல உருவ மறந்துட்டேன். அப்படியே படம் புடிச்சு உங்களுக்கு அனுப்பிட்டேன். பாத்தவங்க சிரிச்சிருப்பாங்க. விக்கிற கோட்டுல அதைச் சரி பண்ணிட்டேன்."

"பதில் வரலைன்னா சம்மதம்னு அர்த்தம் இல்லைங்க. கையெழுத்துப் போடுங்க."

அவள் நீட்டிய நோட்டீஸை அவர் இரண்டு முறை படித்தார்.

"விக்கறதை இன்னிக்கே நிறுத்திடறேன். 'திருடினேன்'னு இருக்கே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்கம்மா. மிச்சமாகிற துண்டுத் துணியைக்கூட மடிச்சுக் குடுத்தனுப்பறவன் நான்."

"வார்த்தையை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை."

பேனாவை எடுத்து, அந்த வார்த்தையை இன்னொரு முறை பார்த்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வக்கீலம்மா எழுந்தபோது, "பாத்து, படியில ஊசி கிடக்கும்" என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

ஆபீசில் முதலாளி ஏக உற்சாகமாக இருந்தார்.

"ஆளு கையெழுத்துப் போட்டாச்சா? சபாஷ்! இரக்கமே காட்டக்கூடாது. ஒருத்தன் உழைப்புல இன்னொருத்தன் குளிர் காயறதா? இங்க வாங்க, அடுத்த மாசம் நாம விக்கப்போறதைக் காட்டறேன். நம்ம டிசைன் ஆளுங்க மூளையைக் கசக்கிப் பண்ணினது."

கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். மலையேறுகிற பொம்மை ஒரு புதுக் கோட்டோடு நின்றது. தையல்காரருடையது பச்சை. இது சிவப்பு. வக்கீலம்மா இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

இடது கை ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு வெள்ளை நூல் ஓடியது.

"இது... இது என்ன சார்?"

"அதுதாம்மா இதுல விசேஷம்! இப்படி ஒரு யோசனை வேற யாருக்கு வரும்? எவனாவது காப்பியடிச்சா இதை வச்சே புடிச்சிடலாம். அதுக்கும் இப்பவே ஒரு நோட்டீஸ் தயார் பண்ணி வச்சிடுங்க. 'திருட்டு'ங்கிற வார்த்தை கட்டாயம் இருக்கணும்."

அவளுக்கு முகம் கன்றியது. கைப்பையிலிருந்து தையல்காரர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸை எடுத்தாள். அவர் பெயர் இருந்த இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"நோட்டீஸ் ரெடியா இருக்கு சார். டிசைன் பிரிவுல குடுக்கணுமா, இல்ல உங்க கையிலயே குடுத்துடட்டுமா?"