அழுகைப் பாலம்

அது அக்டோபரா நவம்பரா என்று வெர்னாவுக்கு இப்போது நிச்சயமில்லை. கான்சஸில் அவள் எழுதிய மாவட்டச் சுற்றுலாக் கையேட்டில் அழுகைப் பாலத்துக்குத்தான் முதல் இடம். பொழுது சாய்ந்ததும் அங்கே ஒரு பேய், வெள்ளத்தில் போன மகனைக் கூப்பிடும்.

அன்று லொரெட்டா வெர்னாவின் சுற்றுலா அலுவலகத்துக்கு வந்தாள்.

“இனிமே பாலத்துக்குப் போகமாட்டேன் வெர்னா. எம் புள்ளையக் கூப்பிட்டுத் தொண்டையே போச்சு. வர்றவங்க என்னைப் பேய்னு போட்டோ எடுக்கறாங்க.”

“அவன் உடம்புகூடக் கிடைக்கலியே. எங்கேயாவது உயிரோட இருந்தா உன் குரலுக்கு வருவான்ல? பெத்தவளே விட்டுட்டா எப்படிடி?”

லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலத்துக்கே போனாள்.

வெர்னா மாவட்டக் காவல் தலைவரான ஷெரீஃபுக்குப் போன் செய்தாள். “போயிட்டா, பாய்ட். வெள்ளம் வடிஞ்சப்ப நாம எடுத்துப் புதைச்ச பையனைப் பத்தி மூச்சு விடாதே.”

அந்தக் குளிர்காலத்தில் லொரெட்டா பாலத்திலேயே விறைத்துச் செத்தாள். பாய்ட் ஓய்வு பெற்றார். கையேட்டில் எதையும் மாற்றும் தேவை வெர்னாவுக்கு வரவில்லை.